கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமரா

இடது பக்கம் இருப்பது கைக்கு வாகாக இருக்கிறது, வலது பக்கம் இருப்பதில் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், இந்த இரண்டையும் முக்கால் மணி நேரமாக மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடைக்காரர் அல்போன்ஸ் முதலில் நின்றுகொண்டிருந்தவர் இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், நல்ல மனுஷர், வேறு கடையாக இருந்தால் இந்நேரம் அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருப்பார்கள். காந்திபுரத்தில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இப்படி ஒரு ஆளிடம் மாட்டிக்கொள்வது அவர் தலையெழுத்து. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பறவைப் படக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம், அதில் யார் கேமரா வாங்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், நாச்சிமுத்து அண்ணா எது வாங்கட்டும் என்று. நானும் சளைக்காமல் சொல்வேன், மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதே, சென்சார் எவ்வளவு பெரிசு என்று பார், கேமராவில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடு, பையில் கனம் தெரிந்தால் ஆறே மாதத்தில் பரணில் ஏற்றிவிடுவாய், கனம் முக்கியம். ஊருக்கெல்லாம் சொன்னவன் எட்டு வருஷமாக அதே பழைய கேமராவோடு இருக்கிறேன், உள்ளே கண்ணாடி டப்பென்று ஏறி இறங்குமே, அந்த ரகம். இப்போது எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆட்டோஃபோகஸுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை, பாதி உண்மை. இந்தப் புதுக் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒரு சின்னக் கட்டம் போட்டுவிடும், எடுக்கிறவனுக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்ற கவலையே அதற்குக் கிடையாது. மீதிப் பாதியை யாரிடமும் சொல்லவில்லை. என் வலது கண் போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குப் போனதுபோலவே போகிறது. பின்னால் சோபாவில் உட்கார்ந்து கடையில் கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறாளே என் மனைவி வசந்தாமணி, அவளுக்கும் இது தெரியாது, தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் மூன்று மாதமாக நான் படுகிற பாடு.

முதலில் தெரிந்தது சூலூர்க் குளத்தில். ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம்தான், சாம்பல் நாரை ஒன்று கரையோரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, நானும் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேமராவின் பின்பக்கத் துளையில், வியூஃபைண்டரில், வலது கண்ணை வைத்தேன், நாரை இல்லை, நாரை நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. லென்ஸில் பனி படிந்திருக்கும் என்று துடைத்தேன். மறுபடி வைத்தேன், அதே கலங்கல். அங்கேதான் நான் ஒரு நிபுணன் மாதிரி யோசித்துத் தொலைத்தேன். லென்ஸ் கெட்டிருந்தால் படம் மட்டும்தான் மங்கும், கீழே வரிசையாக எரிகிற எண்கள் பளிச்சென்று இருக்கவேண்டும், அந்த எண்கள் லென்ஸ் வழியாக வருவதில்லை. எண்களும் மங்கின. அப்படியே கிளிக் செய்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நாரையின் கண்ணில் குளம் தெரிகிற அளவுக்குத் துல்லியம். அப்படியானால் கேமராவில் குறை இல்லை, லென்ஸில் குறை இல்லை, மீதி இருப்பது ஒன்றுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி. ஒரு ஞாயிறு சுத்தமாகத் தெரியாது, அடுத்த ஞாயிறு கொஞ்சம் தேவலை, அதற்கடுத்தது மோசம். தேவலையான வாரங்களில் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தால் பொன்னாங்கண்ணிக் கீரை ஞாபகம் வந்தது, உடனே வாரம் மூன்று நாள் பொன்னாங்கண்ணி கேட்டேன், வசந்தாமணியும் என்ன திடீரென்று கீரைமேல் ஆசை என்று கேட்டுக்கொண்டே பொரியலும் கூட்டுமாகச் செய்து போட்டாள். புதன்கிழமை தலைக்கு விளக்கெண்ணெய். ஐம்பத்தொரு வயதில் தலையணை உறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அவள் அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை, உறையைத் துவைத்துப் போட்டாள். கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஒற்றைக் கண்ணை மூடி மூடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நான் வேலை பார்ப்பது நூல் மில்லில், தரம் பார்க்கிற லேபில், ஒரு கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் வைத்து எங்கே தடித்திருக்கிறது எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்லவேண்டும், மெஷின் வந்தபிறகும் பலகை போகவில்லை, பலகையோடு நானும் போகவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் நூலைப் பார்ப்பேன், தெரியும், தெரிவதுபோல் இருக்கும், பிறகு தெரியாததுபோல் இருக்கும், சரி பழக்கத்தில் தெரிகிறது, இருபத்தைந்து வருஷம் பார்த்த நூல், குருடனுக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன், இதில் எது சமாதானம் என்று எனக்கே விளங்காது. கண் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு தடவை போனேன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன், உள்ளே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் என் அப்பாவாகத் தெரிந்தார்கள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த வேகத்தில் அன்றைக்குத்தான் கேமரா ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். எந்தக் கேமரா கண்ணை வேகமாகப் பிடிக்கிறது, எது இருட்டிலும் பிடிக்கிறது, எதில் உள்திரை பெரிசு, பதினான்கு கேமரா, முப்பது அம்சம், கட்டம் போட்டு எழுதி வைத்தேன். இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் வேறு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை, அந்த சுகம் இருக்கிறதே, அது தனி.

அப்பா பஸ் கண்டக்டர். கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள், கிளாக்கோமா, வலிக்காது, உறுத்தாது, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விடும். அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக்கொண்டு ஊற்றுவார், தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்துவார், அம்மா அசிங்கம் அசிங்கம் என்று திட்டுவாள், கண்டக்டர் விரல், எத்தனை பேர் கை பட்ட நோட்டைப் பிடித்த விரல் என்று. அவர் சிரித்துக்கொண்டே குடிப்பார். அளவு பார்க்கத்தான் விரலை விடுகிறார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் போகிறவன், எனக்கும் தோன்றவில்லை. ஆறு மாசம் முன்னாடி கூட்டிக்கொண்டு வந்திருந்தால்கூட மிச்சம் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அப்பாவைப் பார்க்காமல் அந்த விரலைப் பார்த்தாள். நான் மட்டும் அப்படி மறைக்கமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், கேமராவை விரலாக விட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தேதான் செய்கிறேன், தெரிந்து செய்வதால் அப்பாவைவிட நான் யோக்கியன் என்றெல்லாம் ஒன்றுமில்லை.

“சார், அந்த பாடியில ஒருவாட்டி கண்ண வெச்சுப் பாருங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்று அல்போன்ஸ் வலது பக்கக் கேமராவை நீட்டுகிறார். இதைத்தான் முக்கால் மணி நேரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன், கையில் தூக்கிப் பார்த்தேன், பட்டன்களை அமுக்கினேன், மெனுவுக்குள் போய் வந்தேன், கண்ணை மட்டும் வைக்கவில்லை. இதிலும் மங்கினால் இந்தக் கடையில் வசந்தாமணி முன்னால் என் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. வைக்கிறேன். கடவுளே. பளிச்சென்று இருக்கிறது. எதிர்ச் சுவரில் தொங்குகிற பை, பையின் ஜிப், ஜிப்பில் கோத்த நூல், என் கண்ணுக்கு நூல் தெரிகிறது. ஒரு நொடி சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது, உடனே உள்ளே இருக்கிற நிபுணன் வந்து உட்கார்ந்துவிட்டான். இது வேறு, முட்டாளே, பழைய கேமராவில் நீ கண்ணாடி வழியாக நிஜத்தைப் பார்க்கிறாய், இதில் உள்ளே இருப்பது ஒரு குட்டி டிவி, கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சம் போட்டுக் காட்டினால் யாருக்கும்தான் தெரியும், அப்பாவுக்கும் கடைசி வரை ட்யூப்லைட் தெரிந்தது. சரி. டிவியாகவே இருக்கட்டும். என் கண் தராததை இது தருகிறதென்றால் இதைத்தான் வாங்கவேண்டும், பேட்டரியாவது கனமாவது, இன்னும் ஐந்து வருஷம், ஆறு வருஷம் நாரையைப் பார்ப்பேன், வசந்தாமணிக்கு ஒன்றும் தெரியவேண்டாம். அல்போன்ஸ் எதிரே ஒரு பொம்மைக் கிளியை வைக்கிறார், கேமரா உடனே அதன் கண்மேல் பச்சைக் கட்டம் போடுகிறது. கிளியை நகர்த்துகிறார், கட்டமும் கூடவே நகர்கிறது. பிடித்த கண்ணை விடுவதில்லை. இன்னொரு தடவை நகர்த்தச் சொல்லிப் பார்க்கிறேன், ஒரு எலெக்ட்ரானிக் சாமானைப் பார்த்து இப்படியெல்லாம் உருகக் கூடாது.

“இதே போட்டுருங்க. பழசக் கொண்டாந்திருக்கேன், எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கங்க” என்கிறேன். சோபாவிலிருந்து குரல் வருகிறது, “ஏனுங்க, அத எதுக்குங்க குடுக்கோணும்? அது பாட்டுக்கு வூட்டுல ஒரு ஓரமாக் கெடக்கட்டுமே.” இதோடு இன்று நான்காவது தடவை. காலையில் பையில் எடுத்து வைக்கும்போது ஒரு தடவை, வண்டியில் ஏறும்போது ஒரு தடவை, சிக்னலில் நிற்கும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை. “ரெண்ட வெச்சுட்டு என்ன பண்றது வசந்தா? சும்மா கெடந்தா பூஞ்சை புடிச்சுரும்.” “பூஞ்சையெல்லாம் புடிக்காதுங்க, நான் தொடச்சு வெக்கறேன்.” வசந்தாமணி எதையும் வெளியே போக விடமாட்டாள், உடைந்த தையல் மெஷின் சக்கரத்தைக்கூட வைத்திருக்கிறாள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள் தையல்தான், கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் நான் வேலைக்குப் போனதும் அவள் என்ன செய்கிறாள் என்று யோசித்தால் தைப்பாள் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றும். நான் எடுத்த நாரையையும் மீன்கொத்தியையும் காட்டினால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பாள், நல்லாருக்குதுங்க என்பாள், ஒரு தடவை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் எடம் வுட்டிருக்கலாமுங்க என்றாள், சொன்னது சரிதான், ஆனால் நான் அவளுக்குக் கால் மணி நேரம் சட்டத்துக்குள் எதை எங்கே வைக்கவேண்டும் என்று விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். என்னை அவள் பொறுத்துக்கொண்டிருப்பது அப்படித்தான், கேட்டுக்கொண்டு. இவள் முகம் எனக்குத் தெரியாமல் போகும் நாளை நினைத்தால் மட்டும் எனக்குக் கை கால் ஓடுவதில்லை, பறவை போனால் போகட்டும், பறவையைக் காதால்கூடத் தெரிந்துகொள்ளலாம், இவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வதற்கு சத்தம் கிடையாது.

அல்போன்ஸ் என் பழைய கேமராவை வாங்கிக் கம்ப்யூட்டரில் வயரைச் செருகுகிறார். ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியது என்று கேமராவே ஒரு கணக்கு வைத்திருக்கும், பழைய பைக் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுபோல இதைப் பார்ப்பார்கள். “நாப்பத்தோராயிரம் இருக்கும், பாருங்க” என்று நானே சொல்கிறேன், நான் எடுத்த படம் எதையும் அழிப்பதில்லை, தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன், நேற்றுதான் எண்ணினேன். “அம்பத்து மூவாயிரத்துச் சொச்சம் காட்டுது சார்.” “இருக்காதுங்க.” “நீங்களே பாருங்க.” பார்க்கிறேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது, விலையைக் குறைக்க இப்படியும் ஒரு வழியா, நல்ல மனுஷர் என்று நினைத்தேனே, உங்க சாஃப்ட்வேர் தப்பாக இருக்கும் என்கிறேன், இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள் என்கிறேன், பாவம், முகம் சுளிக்காமல் அதிலும் போட்டுக் காட்டுகிறார். ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம்தான். பன்னிரண்டாயிரம் தடவை என் கேமரா எனக்குத் தெரியாமல் கண் திறந்து மூடியிருக்கிறது. இதற்குள் என்னென்னமோ ஓடுகிறது, நான் எடுத்ததையே மறந்துவிட்டேனா, கண்ணோடு சேர்ந்து ஞாபகமும் போகிறதா, அப்பாவுக்கு ஞாபகம் கடைசி வரை கல்லுமாதிரி இருந்ததே. வசந்தாமணி டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது. “கண்ணு, அதெல்லாம் மெஷினு தப்பாக் காட்டுமுங்க” என்று அல்போன்ஸிடம் சொல்கிறாள், குரல் கொஞ்சம் உயரமாக இருக்கிறது.

அல்போன்ஸ் கேமராவைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்புகிறார். கண்ணிலிருந்து எடுக்கிறார். துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். “என்ன சார் இது, இதுலயா இவ்வளவு நாளாப் பாத்துட்டிருந்தீங்க?” “ஏன்?” “ஒரே கலங்கலா இருக்கு.”

அவருக்கும் கலங்கலாக இருக்கிறது. எனக்கு முதலில் தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஐயோ இந்த மனுஷருக்கும் கண் போய்விட்டதா என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த வார்த்தை மெதுவாக உள்ளே இறங்குகிறது, அவருக்கும், அவருக்கும், முப்பத்தெட்டு நாற்பது வயது ஆள், கண்ணாடி போடாதவர், குட்டிக் குட்டித் திருகாணியெல்லாம் வெறுங்கண்ணால் கழற்றுகிறவர், அவருக்கும் கலங்கல். அவர் கட்டைவிரலால் வியூஃபைண்டரின் ஓரத்தைத் தடவுகிறார். “இங்க டேப் ஒட்டியிருக்கீங்களே சார்.” ஒட்டியிருக்கிறேன். அங்கே ஒரு சின்னச் சக்கரம் உண்டு, பார்க்கிறவர் கண்ணின் பவருக்குத் தகுந்தமாதிரி அதைத் திருகி வைத்துக்கொள்ளலாம், வாங்கின அன்றே எனக்குச் சரியாகத் திருகி, பையில் உரசி நகர்ந்துவிடாமல் இருக்க மேலே கறுப்பு டேப் ஒட்டினேன், பிளேடு வைத்து நேராக வெட்டி ஒட்டினேன், நான் அந்த மாதிரி ஆள். எட்டு வருஷத்தில் அந்தச் சக்கரத்தை நான் நினைத்ததே இல்லை, டேப் ஒட்டின பொருள் நகராது, நகராத பொருளை எதற்கு நினைப்பது. நாற்பது பேருக்கும் முதல் நாளே அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அல்போன்ஸ் டேப்பை உரித்து விரல் நுனியில் ஒட்டிக் காட்டுகிறார். அதன் ஓரம் நேராக இல்லை. நான்கு பக்கமும் பல் பல்லாக வெட்டியிருக்கிறது, துணி நூல் பிரியாமல் இருக்க வெட்டுவார்களே, அந்தக் கத்தரியில் வெட்டினது.

“கடைசி வரைக்கும் மைனஸ்ல திருகியிருக்கு சார். மைனஸ் ரெண்டர மூணு பவர் இருக்கறவங்க கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா இதுல பளிச்சுனு தெரியும். உங்களுக்கு தூரத்துக்குப் பவர் இருக்கா?”

“இல்ல” என்கிறேன். திரும்பிப் பார்க்கிறேன். மைனஸ் இரண்டரைக் கண்ணாடி போட்டவள் சோபாவில் உட்கார்ந்து சுவரோரம் இருக்கிற டிரைபாட் அட்டைப்பெட்டியை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். காது மடல் வரைக்கும் சிவந்திருக்கிறது.

நான் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்துச் சக்கரத்தைத் திருகுகிறேன். ஒரு பல், இரண்டு பல், மூன்று பல். எண்கள் வருகின்றன. கடை வருகிறது. அலமாரியில் லென்ஸ் மூடிகள், ட்யூப்லைட்டில் ஒட்டின ஒட்டடை, நடுவில் வசந்தாமணி, அவள் கண்ணாடிக் காம்பு காதுக்குப் பின்னால் அழுத்தி அழுத்திப் பதிந்த தடம்கூடத் தெரிகிறது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அழுகிறேன், எடுத்தால் அல்போன்ஸ் பார்த்துவிடுவார். மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த மங்கல் இவளுடைய பார்வை. இவளுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக வைத்ததை நான் என் குருட்டுத்தனம் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேய்த்திருக்கிறேன்.

“வசந்தா.”

“எப்பவும் திருப்பி வெச்சிருவேனுங்க, நேத்துத்தான் மறந்து அப்படியே டேப்ப ஒட்டிட்டேன். எங்க இருந்துச்சுன்னு குத்துமதிப்பாத்தான் தெரியும். மொதல்லயெல்லாம் கண்ணாடியோடதான் பாத்தனுங்க, கண்ணாடி இடிச்சு பாதிதான் தெரியும். மூணு மாசத்துக்கு முன்னாலதான் அந்தச் சக்கரத்தக் கண்டுபுடிச்சேன்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசம் இருக்குமுங்க. நீங்க மில்லுக்குப் போனதுக்கப்புறம். காடு தனியா வாங்கி பட்டன் டப்பாவுல வெச்சிருக்கேன்.” மெமரி கார்டை அவள் காடு என்கிறாள், அதை இப்போது திருத்தத் தோன்றவில்லை.

என்ன எடுப்பாய் என்று கேட்கிறேன். எனக்குத் தெரியவேண்டும், எங்கள் தெருவில் நாரை கிடையாது. அவள் மடியில் இருந்த பையைப் பிசைந்துகொண்டே சொல்கிறாள், தெருவத்தானுங்க, வேற என்ன, குழாய்ல தண்ணி புடிக்கறவங்க, அவரைக்கா விக்கிற அம்மா வண்டிய நிறுத்திட்டு முடிஞ்சுக்கற கொண்டை, எதுத்த வூட்டுச் சுவத்துல பன்னெண்டு மணிக்கு மட்டும் வந்து போற கம்பிவலை நெழலு, ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்றவங்க கை. கை மட்டும் இருநூறு முந்நூறு பேருது இருக்குமுங்க. போன பொங்கலுக்கு எதிர்வீட்டு அம்மா என்னிடம் உங்க வூட்டுப் படமெல்லாம் அவ்வளவு நல்லாருக்குதுங்க என்று சொன்னது இப்போதுதான் புரிகிறது, நான் என் மீன்கொத்தியைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, எந்த லென்ஸ், என்ன வெளிச்சம் என்று வாசலில் நிறுத்தி வைத்து விளக்கினேன், அந்த அம்மாவும் தலையாட்டிக்கொண்டே நின்றார்கள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

“எனக்குக் கண்ணு போகுதுன்னு நெனச்சுட்டேன் வசந்தா.” இதை இந்தக் கடையில் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. “அப்பாவுக்கு மாதிரி. மூணு மாசமா. அதான் இந்தக் கேமரா.”

அவள் எழுந்து வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கிறாள், வலது கண்ணை, பிறகு இடது கண்ணை. “அதுக்குத்தான் பொன்னாங்கண்ணியா?” என்கிறாள். நான் தலையாட்டுகிறேன். “வெளக்கெண்ணெயும்?” அதற்கும் தலையாட்டுகிறேன். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தால் அவள் உதடு கோணிக்கொள்கிறது, என் கையில் பளீரென்று ஒரு அடி வைக்கிறாள், அல்போன்ஸ் எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொள்கிறார். “மூணு மாசமா இத வயித்துல வெச்சுட்டா கெடந்தீங்க? எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க? நான் திருகினதுக்கு நீங்க செத்துப் பொழச்சிருக்கீங்க. திங்கக்கெழம லீவு போடுங்க. மாமாவுக்கு இருந்தது உங்களுக்கும் இருக்குதா இல்லியான்னு பாத்துப்போட்டு வந்துரலாம், நானும் வர்றேன்.” போகலாம் என்கிறேன். போவேன், அந்த வரிசையில் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் யாராகவும் தெரியமாட்டார்கள். பயம் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் அதை வைத்திருக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

“நீ மட்டும்? ரெண்டு வருசம். நீ எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?” என்று நான் விடாமல் கேட்கிறேன். கோபமில்லை, கொஞ்சம் வீறாப்பு, அடி வாங்கியதற்கு ஈடு. அவள் யோசிக்கவேயில்லை.

“சொன்னா நீங்க சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருவீங்க.”

மேஜைக்கு அடியில் அல்போன்ஸின் தோள் குலுங்குகிறது. பன்னிரண்டாயிரம் படம். யாரும் இதை இப்படி வை என்று சொல்லாத பன்னிரண்டாயிரம் படம். அளவு கொடுக்க வந்த கைகளை எடுக்கத் தோன்றியிருக்கிறதே, நான் பக்கத்தில் நின்றிருந்தால் அதை எடுக்க விட்டிருப்பேனா, கை எதற்கு, முகத்தை எடு, பின்னால் இருக்கிற பக்கெட்டை நகர்த்து என்றிருப்பேன். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பெருமையாகவும் இருக்கிறது. “அப்ப எக்ஸ்சேஞ்ச் இல்லீங்களா சார்?” என்று அல்போன்ஸ் மேலே வருகிறார். “அது என்னுது இல்லீங்க, அவங்களோடது” என்கிறேன். புதுசு வேண்டுமா வேண்டாமா என்பதை அடுத்த வாரம் டாக்டர் பார்த்தபிறகு நிதானமாகச் சொல்கிறேன் என்கிறேன், அவர் அந்தப் பச்சைக் கட்டக் கேமராவைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.

வசந்தாமணி கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரவிக்கைக்குள் செருகுகிறாள், கண்ணில் வைக்கிறாள், கட்டைவிரல் தன்பாட்டுக்கு அந்தச் சக்கரத்துக்குப் போய் மூன்று பல் திருகுகிறது, பார்க்காமலே செய்கிறாள், இடது கை லென்ஸுக்கு அடியில் சரியாகப் போய் உட்காருகிறது, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கிறது, இதெல்லாம் நான் நாற்பது பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியும் முப்பது பேருக்கு வராதது. “சித்த அந்தக் கதவுகிட்டப் போய் நில்லுங்க.” போய் நிற்கிறேன். கண்ணாடிக் கதவு, பின்னால் ரோட்டு வெயில், இப்படி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுப்பாக விழும், ஒன்று அவள் இந்தப் பக்கம் வரவேண்டும், இல்லை நான் அந்தப் பக்கம் போகவேண்டும், இல்லையென்றால் எக்ஸ்போஷரைக் கூட்டவேண்டும், எனக்கு வாய்க்குள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. வாயைத் திறக்கிறேன். மூடிக்கொள்கிறேன். “கைய எங்க வெக்கிறது?” என்று மட்டும் கேட்கிறேன், நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. “எங்க வேணா வெய்யுங்க, அசையாம நின்னாப் போதும்” என்கிறாள். அசையாமல் நிற்கிறேன்.